தேர்வறைக்கு வெளியே நடக்கும் திருத்தம்: விடை ஒப்பிடல் குறித்த வாதங்கள்

கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வொன்றை எழுதி முடித்த மாணவர்கள் தங்கள் விடைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்மையா, தீமையா? தேர்வு நடத்துவோர் அதற்கு இடம் தர வேண்டுமா, தடை போட வேண்டுமா? ஒரே வினாத்தாளை ஆயிரக்கணக்கானோர் எழுதும் வழக்கம் வந்த காலந்தொட்டு இந்தக் கேள்வியும் இருந்துவருகிறது. பள்ளி ஆசிரியர் ஒரு பதில் சொல்கிறார். நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் வேறொன்று சொல்கிறார். தேர்வுகளின் மதிப்பெண்ணை நிலைப்படுத்தும் அளவீட்டியலாளர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். நீதிமன்றங்கள் தயங்கித் தயங்கி நான்காவது பதிலை அடைந்திருக்கின்றன. இந்தப் பதில்கள் மோதிக்கொள்வதற்குக் காரணம், ஒப்பிடல் என்ற ஒரே பெயரில் ஒவ்வொருவரும் வெவ்வேறு செயலைப் பேசுவதே. இக்கட்டுரை அந்த நிலைப்பாடுகளின் வேர்களையும் குறைகளையும் ஆராய்கிறது. மாணவரின் தனிப்பட்ட பதற்றமாக மட்டுமே பார்க்கப்பட்டு வந்த ஒரு பழக்கம், தேர்வின் மீதான பொதுத் தணிக்கையாகவும் பலமுறை பயன்பட்டிருக்கிறது என்பதும், விவாதங்களில் அந்தப் பக்கத்துக்கு உரிய எடை கிடைக்கவில்லை என்பதும் இதன் கருத்து.

ஒப்பிடலின் மூன்று கட்டங்கள்

முதல் கட்டம் தாளுக்கும் தாளுக்கும் இடையிலானது. தென்கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங் ஒரே நாளில் காலை முதல் மாலை வரை பாடம் பாடமாக நடப்பதால், இடைவேளையில் சக மாணவர் சொல்லும் ஒரு விடை அடுத்த பாடத்தையே பாதிக்கக்கூடும். இரண்டாவது கட்டம், கடைசித் தாள் முடிந்தபின் அதிகாரப்பூர்வ விடைக்குறிப்பு வரும்வரை உள்ள நாள்கள். மூன்றாவது, விடைக்குறிப்பு வந்தபின் அதனோடு தன் விடைகளைப் பொருத்திப் பார்ப்பது.

இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் இந்த மூன்றில் பின்னிரண்டையும் தெளிவாகக் காட்டுகிறது. 180 வினாக்கள், 720 மதிப்பெண், சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் ஒவ்வொரு வட்டமும் ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தைத் தரக்கூடியது. விடை நிரப்பிய ஓ.எம்.ஆர். தாளைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டாலும் வினாப் புத்தகத்தை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்பதால், எந்த விருப்பத்தை நிரப்பினோம் என்பதற்கு அதில் இட்டுக்கொண்ட சிறு குறிகள் ஒப்பிடலுக்கான ஆவணமாகின்றன. அன்று மாலையே கோச்சிங் மையங்கள் தத்தம் விடைக்குறிப்புகளை வெளியிட்டுவிடுகின்றன. ஒரு மையத்தின் குறிப்பும் இன்னொன்றின் குறிப்பும் நான்கைந்து வினாக்களில் முரண்படுவதும் புதிதல்ல. பிறகு தேசியத் தேர்வு முகமை உத்தேச விடைக்குறிப்பை, அதாவது ஆட்சேபணைக்கு உட்பட்ட முதல் வடிவத்தை, வெளியிடுகிறது. ஒரு வினாவுக்கு 200 ரூபாய் கட்டணம் செலுத்தி எந்தத் தேர்வரும் அதை எதிர்த்து முறையிடலாம்.

இரண்டாம் கட்டத்தின் பெரிய பலவீனம் அதன் சான்றுமுறையில் உள்ளது. ஐந்து பேர் ஒரே விடையைச் சொன்னால் அதுவே சரி என்று கொள்வது இயல்புதான். ஆனால் அந்த ஐவரும் ஒரே மையத்தில், ஒரே குறிப்பேட்டிலிருந்து படித்தவர்களாக இருந்தால், அவர்களின் ஒற்றுமை ஐந்து தனிச் சான்றுகள் ஆகாது. ஒரே பிழை ஐந்து வாய்களில் ஒலிப்பதாகவும் இருக்கலாம்.

மௌனம் காக்கச் சொல்லும் மரபு

நான்கு பதில்களில் மிகப் பழையதும் மிகப் பரவலானதும் ஆசிரியர்களின் அறிவுரையே: எழுதியது எழுதியாயிற்று, அதைப் பற்றிப் பேசாதே. முதல் கட்டத்தைப் பொறுத்தவரை இதை மறுப்பதற்கு அதிகம் இல்லை. முடிந்த தாளில் எதையும் மாற்ற முடியாது என்ற நிலையில், அதைக் குறித்த வருத்தம் வரவிருக்கும் தாளுக்கான கவனத்தை மட்டுமே தின்கிறது.

காத்திருக்கும் காலத்தைப் பற்றிய ஆய்வுகள் இந்த அறிவுரைக்கு ஓரளவு துணை நிற்கின்றன. சூசன் ஃபோக்மனும் ரிச்சர்ட் லாசரசும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, கல்லூரி மாணவர்களைத் தேர்வுக்கு முன், தேர்வுக்கும் முடிவுக்கும் இடையே, முடிவுக்குப் பின் என மூன்று கட்டங்களில் கவனித்தது. தேர்வுக்கு முன் ஓங்கியிருந்த நேரடி முயற்சி, காத்திருக்கும் காலத்தில் தணிந்து, விஷயத்திலிருந்து மனத்தை விலக்கிக்கொள்ளும் போக்குக்கு இடம் தந்ததாக அவர்கள் கண்டனர். மௌன அறிவுரை இந்த இயல்பான விலகலுக்கு ஆதரவு தருகிறது எனலாம். ஒப்பிடலின்போது எழும் வருத்தமும் எப்போதும் உண்மையின் அளவில் இருப்பதில்லை. முதலில் தோன்றிய விடையை மாற்றித் தவறிழைத்த நிகழ்வுகள், மாற்றாமல் விட்டுத் தவறிழைத்தவற்றைக் காட்டிலும் ஆழமாக நினைவில் பதிகின்றன என்று ஜஸ்டின் குரூகரும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் காட்டினர். முதலில் போட்டதே சரி என்ற மாணவர் நம்பிக்கை, மாற்றிய விடைகள் பெரும்பாலும் பலனளிக்கின்றன என்ற பதிவுகளுக்கு முரணாக நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

ஆயினும், பேசாமலிருந்தால் கவலை குறையும், கவலை குறைந்தால் முடிவை நன்றாக எதிர்கொள்ளலாம் என்ற தொடர்ச்சி உறுதிப்பட்டதாகச் சொல்ல முடியாது. கேட் ஸ்வீனியும் உடன் ஆய்வாளர்களும் கலிஃபோர்னியாவின் வழக்கறிஞர் தகுதித் தேர்வை எழுதி நான்கு மாதம் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைத் தொடர்ந்து, 2016-இல் வெளியிட்ட முடிவு எதிர்த்திசையில் செல்கிறது. காத்திருந்தபோது அதிகம் கலங்கியவர்கள், தோல்விச் செய்தியைத் தாங்கிக்கொள்வதிலும் வெற்றிச் செய்தியை மகிழ்ந்து ஏற்பதிலும் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தனர். முடிவு நெருங்க நெருங்க மாணவர்கள் தங்கள் மதிப்பெண் எதிர்பார்ப்பைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றனர் என்பதும் 1990-களிலிருந்தே அறியப்பட்ட ஒன்று. விடைகளை ஒப்பிட்டுத் தன் இழப்பை முன்கூட்டி எண்ணிப்பார்ப்பது, அவ்வகையில், அதிர்ச்சிக்கு மனத்தைத் தயார் செய்வதாகவும் அமையலாம். இதை எல்லா மாணவருக்கும் பொருத்துவது சரியாகாது. ஏற்கனவே மனச்சோர்வில் இருக்கும் ஒரு பதினேழு வயதினருக்கு ஒப்பிடல் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. தமிழ்நாட்டில் நீட் எழுதியவர்களுக்கு 104 உதவி எண் வழியாக ஆலோசனை வழங்கப்பட்டது காரணமில்லாமல் அல்ல.

அறிவுரை கவனிக்கத் தவறும் இன்னொன்று, காத்திருக்கும் நாள்களில் மாணவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதாகும். சீனாவின் காவ்காவ் தேர்வில் பல மாகாணங்கள் நெடுங்காலம் மதிப்பெண் தெரிவதற்கு முன்பே கல்லூரி விருப்பப் பட்டியலைக் கேட்டன. வெளியான விடைகளோடு தன் விடைகளை வரி வரியாக ஒப்பிட்டு மதிப்பெண்ணை ஊகிப்பது அங்கே பொழுதுபோக்காக இல்லை, சேர்க்கை நடைமுறையின் ஒரு பகுதியாகவே இருந்தது. கூட்டி ஊகித்தவர் தகுதிக்கு மேற்பட்ட கல்லூரியைக் கேட்டு இடமிழந்தார். குறைத்து ஊகித்தவர் கிடைத்திருக்கக்கூடிய இடத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். மதிப்பெண் தெரிந்தபின் பட்டியல் தரும் முறைக்கு மாகாணங்கள் படிப்படியாக மாறின; பெய்ஜிங் 2015-இல் மாறியது. தமிழ்நாட்டில் நீட் முடிவு வருமுன்னரே பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு தொடங்கிவிடும் ஆண்டுகளில், உத்தேச மதிப்பெண்ணைக் கணக்கிடாமல் ஒரு குடும்பம் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க வழியில்லை. தேர்வு எழுதிய உணர்வை மட்டும் நம்பி மதிப்பிடுவோரில், நன்றாக எழுதியவர்கள் ஓரளவு சரியாகவும் மோசமாக எழுதியவர்கள் தம்மை மிகையாகவும் மதிப்பிடுகின்றனர் என்று வகுப்பறை ஆய்வுகள் சொல்வதை நோக்கினால், ஒப்பிடல் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களிடமே மௌனம் வலியுறுத்தப்படுகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கற்றலின் கோணம்

நினைவாற்றல் ஆய்வாளர்களின் நிலைப்பாடு எளிமையானது. பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு கற்றலை வலுப்படுத்துவதோடு ஒரு தீங்கையும் செய்கிறது: தவறான விருப்பங்களைப் படித்து அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தவர், பின்னாளில் அதையே அறிவாக நினைவுகூரும் வாய்ப்பு உண்டு. ஹென்றி ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005-இல் இதைக் காட்டினர்; சரியான விடையை உடனுக்குடனோ சற்றுப் பின்னரோ தெரிவித்தால் அந்தத் தீங்கு குறைந்து நன்மை கூடுகிறது என்று 2008-இல் ஆண்ட்ரூ பட்லரும் ரோடிகரும் நிறுவினர். தவறை அறியாமல் விடுவது அதை மறப்பதற்கு வழியன்று என்பதே இவற்றின் சாரம். இந்த வாதத்தின் எல்லை வெளிப்படை. நுழைவுத் தேர்வு எழுதியவருக்கு அந்தப் பாடம் மீண்டும் தேவைப்படுமா என்பது அவர் இடம் பெற்றாரா, அடுத்த ஆண்டு மீண்டும் எழுதுகிறாரா என்பதைப் பொறுத்தது; மேலும், சக மாணவரின் விடை நம்பத்தக்க திருத்தம் அல்ல.

இரகசியம் கோரும் அளவீட்டியல்

ஆண்டுக்குப் பலமுறை நடக்கும் தேர்வுகளில் மாணவர் பேச்சு முற்றிலும் வேறொரு பிரச்சினையாகிறது. மார்ச் மாதத் தாளும் மே மாதத் தாளும் ஒரே கடினத்தன்மை கொண்டிருக்க இயலாது என்பதால், இரண்டிலும் பொதுவாகச் சில வினாக்களை வைத்து, அவற்றில் இரு குழுக்களும் எப்படி விடையளித்தன என்பதைக் கொண்டு மதிப்பெண்களைச் சமன்செய்கின்றனர். நங்கூர வினாக்கள் எனப்படும் இவை வெளியே தெரிந்துவிட்டால், பின்னர் எழுதும் குழு உண்மையைவிடத் திறமையானதாகத் தோன்றும். சமன்செய்த கணக்கு முழுவதும் கோணலாகும். அமெரிக்காவில் முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு கணினிக்கு மாறிய புதிதில், 1994-இல், ஒரு பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களையே தேர்வெழுத அனுப்பி, அவர்கள் நினைவில் கொண்டுவந்த வினாக்களால் அந்த முறை எவ்வளவு எளிதில் உடையும் என்று காட்டியது. அதைத் தொடர்ந்து தேர்வு நடத்திய அமைப்பு தேர்வு நாள்களைக் குறைத்ததோடு வழக்கும் தொடுத்தது. வினாக்களைப் பற்றிப் பேசமாட்டேன் என்று தேர்வரிடம் உறுதிமொழி வாங்கும் வழக்கத்தின் பின்னுள்ள நியாயம் இதுதான்.

இந்த நியாயத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லும் வினா, வேறு நேர மண்டலத்தில் காத்திருக்கும் ஒருவருக்குக் களவாடிய உதவியாக மாறும். இழப்பு அதைக் கேட்காதவருக்கு. ஆனால் மீண்டும் பயன்படுத்தப்படாத வினாக்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. தன் வினாத்தாளில் பிழை இருக்கிறதா என்று சொல்லும் அதிகாரத்தையும் இரகசியம் தேர்வு அமைப்பிடமே விட்டுவிடுகிறது. அந்த அதிகாரம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு வரலாறு சில விடைகளைத் தந்துள்ளது.

பிழை கண்ட மாணவர்கள்

நியூயார்க் மாநிலம் 1979-இல் இயற்றிய சட்டம், கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளின் வினாக்களையும் விடைகளையும் எழுதியவர்களுக்குத் தரவேண்டும் என்றது. தேர்வு அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் 1980-இன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் பள்ளி மாணவர்களுக்காக நடந்த பி.எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வடிவியல் வினா இருந்தது. எல்லா விளிம்புகளும் சம நீளமுள்ள இரு பிரமிடுகள். ஒன்றின் அடிப்பக்கம் சதுரம், மற்றது நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆனது. இரண்டையும் ஒரு முக்கோண முகத்தில் ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும் என்பது கேள்வி. முதலாவதற்கு ஐந்து முகம், இரண்டாவதற்கு நான்கு, ஒட்டுவதில் மறைபவை இரண்டு, எனவே ஏழு என்றது அதிகாரப்பூர்வ விடை. புளோரிடாவைச் சேர்ந்த ஒரு மாணவர் ஐந்து என்று விடையளித்திருந்தார். தவறு எனக் குறிக்கப்பட்டதை ஏற்காமல் முறையிட்டார். அவர் சொன்னதே சரி. சதுரப் பிரமிடின் அடுத்தடுத்த முக்கோண முகங்களுக்கிடையிலான கோணம் ஏறத்தாழ 109.5 பாகை, மற்றதன் முகங்களுக்கிடையிலானது ஏறத்தாழ 70.5 பாகை, இரண்டும் சேர்ந்து மிகச் சரியாக 180 பாகை. அதாவது ஒட்டியபின் ஒரு முகமும் அதை அடுத்த முகமும் ஒரே தளத்தில் படுத்துவிடுகின்றன. இப்படி இரு இடங்களில் இரண்டிரண்டு முகங்கள் ஒன்றாகிவிட, மிஞ்சுவது ஐந்து. ஏறக்குறைய 2,40,000 பேரின் மதிப்பெண் இதனால் திருத்தப்பட்டது. 1982 மே மாதம் நடந்த, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரு வட்டம் இன்னொரு வட்டத்தைச் சுற்றி உருளும் வினாவில், கொடுக்கப்பட்ட ஐந்து விருப்பங்களிலும் சரியான விடையே இல்லை என்பதையும் மாணவர்களே எழுதித் தெரிவித்தனர்.

கைதேர்ந்த வினா அமைப்போரும் பலகட்டச் சரிபார்ப்பும் இருந்தும் இப்பிழைகள் தப்பின. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: சரிபார்ப்பவரும் வினா அமைத்தவரின் பாதையிலேயே யோசிக்கிறார், இலட்சம் பேர் யோசிக்கும்போது அந்தப் பாதையிலிருந்து விலகும் ஒருவராவது இருக்கிறார். ஆனால் அவர் தன் விடை விடைக்குறிப்போடு மாறுபடுவதை அறிந்தால்தான் பேச முடியும்.

தென்கொரியாவில் 2021 நவம்பரில் நடந்த சுனுங் தேர்வின் உயிரியல்-II தாளில் 20ஆம் வினாவின் நிபந்தனைகளைக் கணக்கிட்டால், ஓர் உயிரினக் கூட்டத்தின் எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே போனது. நிபந்தனை பொருந்தாவிட்டாலும் விடையைக் கண்டுபிடிக்க முடியும் என்று தேர்வை நடத்திய நிறுவனம் முதலில் வாதிட்டது. மாணவர்கள் வழக்குத் தொடுக்க, சியோல் நிர்வாக நீதிமன்றம் டிசம்பரில் வினாவே பிழையானது என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் அனைவருக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டு, நிறுவனத்தின் தலைவரும் பதவி விலகினார். இங்கே தீர்வு சில வாரங்களில் கிடைத்தது. 2013-இல் நடந்த சுனுங் தேர்வின் உலகப் புவியியல் வினா ஒன்றில் அது கிடைக்க மறு ஆண்டு அக்டோபர் வரை ஆனது. அதற்குள் ஒரு சேர்க்கைச் சுற்று முடிந்திருந்ததால், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாட்டில் இடம் தர வேண்டியிருந்தது.

இந்திய நீதிமன்றங்களின் தயக்கம்

இந்தியாவில் அடிப்படை வழக்கு, உத்தரப் பிரதேசத்தின் 1982ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வு தொடர்பானது. முடிவோடு விடைக்குறிப்பும் வெளியானதால், மாணவர்கள் தம் விடைகளை அதனோடும் பாடநூல்களோடும் ஒப்பிட்டு, சில விடைகள் தவறு என்று காட்டினர். விடைக்குறிப்பை வெளியிடாமல் இருந்திருந்தால் இந்தச் சர்ச்சையே வந்திருக்காது என்ற எண்ணத்தை உச்ச நீதிமன்றம் 1983-இல் ஏற்க மறுத்தது. ஐயம் இருக்கும் இடத்தில் விடைக்குறிப்பே நிற்கும், ஐயத்துக்கு இடமின்றித் தவறு என நிரூபிக்கப்பட்டால் மாணவரைத் தண்டிக்கலாகாது என்ற வரையறை அப்போது உருவானது. பின்வந்த தீர்ப்புகள், குறிப்பாக 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கு, இந்த வாயிலைக் குறுக்கின: நீதிபதிகள் பாட வல்லுநர்கள் அல்லர், ஒருவரின் முறையீட்டுக்காக ஆயிரக்கணக்கானோர் நிச்சயமின்மையில் தவிக்கக்கூடாது, ஐயத்தின் பலன் தேர்வு அமைப்புக்கே என்றன. 2018-இல் நீட் தமிழ் வினாத்தாளின் மொழிபெயர்ப்பில் 49 வினாக்களில் பிழை என்று கண்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க உத்தரவிட்டதும், நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதும் தமிழர் நன்கறிந்தவை. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதி என்ற விதி, தமிழில் மட்டும் படித்து எழுதிய மாணவரைத் தன் விடையைத் தன் நண்பரோடு ஒப்பிட்டும் பயனில்லாத இடத்தில் நிறுத்துகிறது. இது அவ்வளவு எளிதாகக் கடந்துபோகக்கூடிய அநீதி அல்ல.

நீட் 2024-இன் இயற்பியல் வினா ஒன்று இரு தரப்பின் வலுவையும் ஒருசேரக் காட்டியது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற கூற்றைப் பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் தாங்கியிருந்தது, புதிய பதிப்பு பெரும்பாலான தனிமங்கள் என்று திருத்தியிருந்தது. பழைய நூலை வைத்துப் படித்தவர்கள் முறையிட, தேர்வு முகமை இரு விடைகளுக்கும் மதிப்பெண் தந்தது. கழிவுக்கு அஞ்சி அந்த வினாவை விட்டுவிட்ட ஒருவர் இதை எதிர்த்தார். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, ஒரே விடைதான் சரி என்று 2024 ஜூலை 23 அன்று தீர்மானித்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தலா ஐந்து மதிப்பெண் இழந்தனர். முழு மதிப்பெண் பெற்றிருந்தவர்களில் 44 பேர் அந்த இடத்தை இழந்தனர். அறிவியல்படி தீர்ப்பு சரி. அரசுப் பாடநூலை நம்பிப் படித்த, அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய பழைய பிரதியையே வாங்கிக்கொண்ட மாணவருக்கு அது சரியா என்ற கேள்விக்கு அந்த வழக்கின் சட்டகத்துக்குள் இடமிருக்கவில்லை.

தீராமல் நிற்பவை

கைவசமுள்ள சான்றுகளைக் கொண்டு சொல்லக்கூடியது இவ்வளவே: தாள்களுக்கிடையில் பேசாதிருப்பது நல்லது, விடைக்குறிப்பு வந்தபின் ஒப்பிடுவது மாணவருக்கும் தேர்வுக்கும் பயன் தருகிறது, இடைப்பட்ட நாள்களில் அது தீங்கா, துணையா என்பது ஆளைப் பொறுத்தும் அப்போது எடுக்க வேண்டிய முடிவைப் பொறுத்தும் மாறுகிறது. உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி வகுப்புகளிலும், மீண்டும் எழுத வாய்ப்புள்ள தேர்வுகளிலும் செய்யப்பட்டவை என்பதால், ஓர் ஆண்டு வாழ்க்கையையும் குடும்பத்தின் சேமிப்பையும் ஒரே பிற்பகலில் பணயம் வைக்கும் தேர்வுகளுக்கு அவற்றை அப்படியே பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

இதனினும் அவசரமான கேள்வி தேர்வின் வடிவ மாற்றத்திலிருந்து எழுகிறது. இந்தியாவின் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயின் பல அமர்வுகளாக நடக்கிறது. காலை அமர்வில் எழுதியவரும் மறுநாள் எழுதியவரும் வெவ்வேறு தாள்களை எழுதுவதால், அவர்கள் பெற்ற மூல மதிப்பெண் நேரடியாகப் பேசுவதில்லை, அமர்வுக்குள் பெற்ற சதமான நிலையே பேசுகிறது. ஒருவர் தன் விடைகளைச் சரிபார்க்கலாம். அமர்வுகளைச் சமன்செய்த கணக்கைச் சரிபார்க்க அவரிடம் எதுவும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே 2023-இலும் அமெரிக்காவில் 2024-இலும் கணினிக்கு மாறிய எஸ்.ஏ.டி., முதல் பகுதியில் மாணவர் செய்வதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினத்தன்மையை மாற்றுகிறது. அடுத்தடுத்த இருக்கையில் அமர்ந்தவர்களே வெவ்வேறு வினாக்களைச் சந்திக்கின்றனர். பிரமிடு வினாவின் பிழை வெளிவர, வினாவும் விடைக்குறிப்பும் ஒரு மாணவரின் மேசைமீது ஒருங்கே இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாள் என்ற ஏற்பாட்டில் அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. பயன்படுத்தி முடித்த வினாக்களைக் காலந்தோறும் வெளியிடுவது, தேர்வு அமைப்புக்கு வெளியே உள்ள பாட வல்லுநர் குழுவுக்கு வினா வங்கியைத் திறந்துவிடுவது போன்ற மாற்றுகள் பேசப்படலாம். ஆனால் முதலாவது நங்கூர வினாக்களைக் குறைக்கும். இரண்டாவது, வினா அமைத்தவரைப் போலவே யோசிக்கும் இன்னும் சிலரைத்தான் சேர்க்கும். இலட்சம் மாணவரின் கண்கள் செய்துவந்த சரிபார்ப்பை இவற்றுள் எது எந்த அளவுக்கு ஈடுசெய்யும் என்பதற்கு விடை இன்னும் கிடைக்கவில்லை.